பேத்தைக்கு ஒரு வீடு

மந்தைவெளியில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் அவருடைய மகள் (ப்ளஸ் ஒன் படிக்கிறாள்) ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, அதையே உற்றுப் பார்த்துக் கொண்டிருந்தாள். தொட்டிக்குள் தண்ணீர் இருந்தது. மணல் இருந்தது. செடிகள் அசைந்தன. இரண்டு நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்தன. மீன் மட்டும் இல்லை!

'என்னம்மா, மீன் எங்கே?'

'இன்னும் வாங்கலை அங்கிள். தொட்டி ரெடியாக ஆறு வாரம் ஆகும்.'

'அவ அப்படித்தான் சார்... இல்லாத மீனுக்கு லைட் போடறா. கரண்ட் பில் மட்டும் இருக்கு!' என்றார் நண்பர், காபியை நீட்டியபடி.

வரப்போகும் விருந்தாளி யார் என்று கேட்டேன். பஃபர் ஃபிஷ். நம் மீனவர்கள் பேத்தை என்பார்களே, அந்த ஜாதி. பயந்தால் தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கி, வயிற்றை பலூன் போல ஊதிக்கொள்ளும் மீன். (விலா எலும்பு கிடையாது, அதனால்தான் முடிகிறது. நாம் முயற்சி செய்யக் கூடாது!) வலையில் பேத்தை வந்தால் பெரும்பாலும் கறிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பெண் வாங்கப்போவது அதில் குட்டியூண்டு வகை. வளர்ந்து முடித்தாலே சுமார் ஒரு அங்குலம். பட்டாணிப் பேத்தை என்று சொல்லலாம்.

ஒரு அங்குல மீனுக்கு ஆறு வாரம் வீடு கட்டுகிறாளா என்று முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு படிக்கப் படிக்கத் தெரிந்தது, அவள் செய்வதை மனிதர்கள் கற்றுக்கொள்ள நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்று. அந்தக் கதையில் நம் மெரினாவுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு.

பேத்தையோடு மனிதனின் பழக்கம் வீட்டுத் தொட்டியில் ஆரம்பிக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டில் ஆரம்பித்தது. 1774 செப்டம்பர். பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவின் ஓரமாக கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் நிற்கிறது. தீவுவாசி ஒருவரிடமிருந்து வினோதமான மீன் ஒன்று விலைக்கு வாங்கப்படுகிறது. கப்பலில் இருந்த இயற்கை விஞ்ஞானிகளுக்கு (ஃபார்ஸ்டர்கள், அப்பா-பிள்ளை இருவரும்) ஒரே குஷி. அதைப் படம் வரைந்து, வர்ணனை எழுதி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. அதனால் ராத்திரி சாப்பாட்டுக்கு ஈரலையும் சினையையும் மட்டும் சமைத்தார்கள். அதிலும் குக்கும் ஃபார்ஸ்டர்களும் ருசி பார்த்ததோடு சரி. விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுந்தால் கை கால் மரத்துப் போயிருக்கிறது! ஒரு குவளைத் தண்ணீருக்கும் ஒரு இறகுக்கும் எடையில் வித்தியாசம் தெரியவில்லை என்று குக் எழுதி வைத்திருக்கிறார். மிச்சம் மீதியைத் தின்ற கப்பல் பன்றி செத்துப் போனது. படம் வரைய நேரமாகாமல் இருந்திருந்தால் உலக வரலாறு கொஞ்சம் மாறியிருக்கும்.

அந்த நஞ்சுக்கு டெட்ரோடாக்ஸின் என்று பெயர் வைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த தஹாரா யோஷிசுமி. வருஷம் 1909. (இந்த வருஷத்தை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.) இதில் நான் ரசித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த நஞ்சைப் பேத்தை தானாகத் தயாரிப்பதில்லை. சில வகை பாக்டீரியாக்கள் தயாரிக்க, அவற்றைத் தின்னும் ஜீவன்கள் வழியாக, சாப்பாட்டோடு சாப்பாடாக வந்து மீனுக்குள் சேர்கிறது. கடலோடு தொடர்பில்லாமல் தனித் தீனி போட்டு வளர்த்த ஃபுகு மீனில் அந்த நஞ்சு சேர்வதில்லை. இடம் மாறினால் மீனின் குணமும் மாறிவிடுகிறது!

சரி, கண்ணாடித் தொட்டிக்கு வருவோம்.

கோயில் குளத்திலும் அரண்மனைத் தடாகத்திலும் மீன் வளர்ப்பது பழைய சமாச்சாரம். மயிலாப்பூர் குளத்துப் படியில் நின்று பொரி போடாதவர்கள் யார்? அங்கே நாம் மேலிருந்து பார்க்கிறோம், மீனின் முதுகுதான் தெரியும். மீனை முகத்துக்கு முகம், பக்கவாட்டில் பார்க்க வேண்டும் என்று தோன்றி அதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்தவர் ழான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தையல் வேலை செய்தவர். கல்யாணமாகி சிசிலித் தீவுக்குப் போனார். ஆர்கோனாட் என்ற, ஓட்டுக்குள் வாழும் ஆக்டோபஸ் வகை ஒன்று, அந்த ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா அல்லது யார் வீட்டிலாவது குடியேறிவிடுகிறதா என்று பெரிய விஞ்ஞானிகளெல்லாம் சண்டை போட்டுக் கொண்டிருந்த நேரம். இந்த அம்மாள் 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்து, உயிரோடு வளர்த்துப் பார்த்து, 'சொந்த வீடுதான்' என்று நிரூபித்துவிட்டார்!

அடுத்தவர் லண்டனில் அன்னா தின் என்ற சீமாட்டி. 1846-ல் கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளைக் கொண்டு வந்து வீட்டில் வைத்தார். அப்போது காற்றுக் குழாயும் மோட்டாரும் ஏது? தினமும் வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று, அந்தக் கடல் தண்ணீரை முக்கால் மணி நேரம் வரை டீக்கடைக்காரர் போல ஆற்றிக் கொண்டே இருப்பாராம். உலகின் முதல் 'ஏர் பம்ப்' என்று அந்தப் பெண்ணைத்தான் சொல்ல வேண்டும். சீமாட்டியின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. ஆற்றியவர் வெறும் 'வேலைக்காரப் பெண்'தான்.

யாரும் ஆற்றாமலே தொட்டி தானாக உயிர்வாழுமா என்று யோசித்தவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியல்காரர். 1850 வாக்கில் ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும், ரிப்பன் போல நீளும் வாலிஸ்னேரியா செடியையும் விட்டார். செடி பிராண வாயுவைத் தரும், மீன் அதைச் சுவாசிக்கும் என்று கணக்கு. கணக்கு உதைத்தது! செடியின் இலைகள் அழுகி, தண்ணீர் கலங்கி நாறியது. வாரிங்டன் யோசித்து, மூன்றாவதாக ஒரு ஆளைச் சேர்த்தார்... குளத்து நத்தை. அது அழுகியதைத் தின்றது. முட்டையிட்டது, அந்த முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்குத் தீனியாயின. தொட்டி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது.

செடி, மீன், நத்தை. சூத்திரம் சரி. ஆனால் மீன் கழிக்கும் கழிவு எங்கே போகிறது? அதைக் கண்டுபிடித்ததில் முக்கியப் பங்கு யாருக்கு தெரியுமா? அதே பெயர் கொண்ட ராபர்ட் வாரிங்டன்... அவருடைய மகன்! இவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் விவசாய விஞ்ஞானி. அமோனியா நைட்ரேட்டாக மாறுவது ஒரே தாவலில் அல்ல, இரண்டு படிகளில், வெவ்வேறு கிருமிகளால் என்று காட்டினார். மண்ணை ஆராய்ந்து சொன்னார். அப்பாவின் தொட்டியில் நடந்ததும் அதேதான். பிறகு ரஷ்யாவைச் சேர்ந்த வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் அந்தக் கிருமிகளைத் தனியாகப் பிரித்து வளர்த்தே காட்டிவிட்டார்.

மந்தைவெளிப் பெண் ஆறு வாரம் காத்திருப்பது இந்தக் கிருமிகளுக்காகத்தான்! புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு இருக்காது. பளபளவென்று கழுவிய தொட்டியில் பளிச்சென்று தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே மீனை விட்டால், தன் கழிவின் அமோனியாவிலேயே அது மூச்சுத் திணறிச் சாகும். தி.நகரிலிருந்து பாலித்தீன் பையில் வாங்கி வந்த மீன் மூணாம் நாள் மல்லாந்து மிதக்க, 'கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்று நாம் எல்லோரும் ஒரு தடவையாவது திட்டியிருக்கிறோம். பாதிக்கு மேல் கேஸ்களில் கொலைகாரர் நாம்தான்.

1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் 'ஃபிஷ் ஹவுஸ்' திறந்தார்கள். உலகின் முதல் பொது அக்வேரியம். அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆர்வலர் 'தி அக்வேரியம்' என்ற புத்தகம் எழுதினார். 'அக்வேரியம்' என்ற சொல்லையே ஜனங்கள் வாயில் போட்டவர் அவர். அவ்வளவுதான், இங்கிலாந்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது! (கண்ணாடி மேல் இருந்த வரியை 1845-ல் நீக்கியிருந்ததால் விலை வேறு மலிவு.) கடற்கரைக்குப் போன குடும்பங்கள் ஆளுக்கொரு ஜாடியோடு பாறை இடுக்குகளில் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்தன. பிற்பாடு காஸின் மகன் எட்மண்ட், 1907-ல் எழுதிய 'ஃபாதர் அண்ட் ஸன்' புத்தகத்தில் இதை வருத்தத்தோடு நினைவுகூர்கிறார். அப்பா ஆசையாக எழுதிய புத்தகங்களால்தான் அந்தக் கரை சூறையாடப்பட்டது, அது அப்பாவையே வாட்டியது என்று.

இந்த மோகம் சென்னைப்பட்டினத்துக்கும் வந்தது. கொண்டு வந்தவர் எட்கர் தர்ஸ்டன். எழும்பூர் மியூசியத்தின் சூப்பரின்டெண்டெண்ட், 1885 முதல். கே.ரங்காச்சாரி துணையோடு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று ஏழு வால்யூம் எழுதினாரே, அவரேதான். ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்து தள்ளியவர். இதற்கிடையில் மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பியும் பவளமும் தேடி அலைந்தார். மெரினாவில் ஒரு கடல் மீன் காட்சிசாலை வேண்டும் என்று அவர் முனைந்ததில் ஆச்சரியமில்லை. ஆளுநர் ஆம்ப்ட்ஹில் பிரபு காலத்தில் பேச்சு ஆரம்பித்து, பிரசிடென்சி கல்லூரிக்கு எதிரே மணலோரமாகக் கட்டடம் எழும்பி, 1909 அக்டோபரில் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே 1909! ஜப்பானில் பேத்தையின் நஞ்சுக்குப் பெயர் சூட்டிய வருஷம், தர்ஸ்டனின் ஏழு வால்யூம்கள் வெளிவந்த வருஷம், மெரினாவில் அக்வேரியம் திறந்த வருஷம் எல்லாம் ஒன்று. நாட்டின் முதல் பொது மீன் காட்சிசாலை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

பழைய மெட்ராஸ்வாசிகள் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள். ஆனால் மெரினாவில் இருந்த இந்த உயிருள்ள சமாச்சாரத்தைப் பத்து வருஷம் நடத்தியது செத்த காலேஜ்தான்! தர்ஸ்டனுக்குப் பின் வந்தவர் ஜே.ஆர்.ஹெண்டர்சன். கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவர், நண்டு இறால் நிபுணர். 1919-ல் அக்வேரியம் மீன்வளத் துறைக்குப் போனது. அப்போது துறைத் தலைவர் ஜேம்ஸ் ஹார்னெல், நம் சங்கைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். நம்மவரான பி.சுந்தரராஜ் அதற்கு முன்பே, 1916-ல், சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருந்தார். பிற்பாடு துறைக்கே அவர் டைரக்டர். இந்த ஊர்க் குளம் குட்டைகளில் என்னென்ன மீன் இருந்தன என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் அந்தக் கட்டுரையைத்தான் புரட்டுகிறார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு இன்றைய கூவத்தைப் பார்க்க வேண்டாம், மனசு கெட்டுப்போகும்.

பிறகு வந்தது 1942. ஏப்ரல் 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்தது சென்னைதான் என்று நகரமே மூட்டை கட்டியது. அரசாங்க அலுவலகங்கள் வெளியூர்களுக்கு ஓடின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம், புலியெல்லாம் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் ஆபத்தான மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வருஷம்தான் கடற்கரை அக்வேரியமும் மூடப்பட்டது. ஜப்பான் விமானம் வந்தது என்னவோ 1943 அக்டோபரில், ஒன்றே ஒன்று. பேருக்கு ஒன்றிரண்டு குண்டு போட்டுவிட்டுப் போனது. ஆனால் மெரினா அக்வேரியத்தின் அந்தப் பழைய ஜோர் அப்புறம் திரும்பவில்லை. மிருகக்காட்சி சாலைக்காவது 1985-ல் வண்டலூர் கிடைத்தது. கடலைப் பார்த்தபடி கடலையே காட்டிய அந்தக் கட்டடம் நிறையப் பேருக்கு நினைவில்கூட இல்லை. இப்போது மெரினாவில் மீன் என்றால் வறுவல்தான்.

சென்னையில் மிருகங்களைச் சுட்ட அதே 1942-ல், போரில் கலந்துகொள்ளாத சுவிட்சர்லாந்தில் ஹைனி ஹெடிகர் என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். சிறைப்பட்ட காட்டு மிருகங்களைப் பற்றியது. பின்னாளில் பேஸல், ஜூரிக் நகர மிருகக்காட்சி சாலைகளை நடத்தியவர் அவர். காட்டில் மிருகம் சுதந்திரமாகத் திரிகிறது என்பதே நம் கற்பனை, அதற்கும் ஒரு எல்லை, ஒரு ஒளிவிடம், ஒரு தினசரி டைம்டேபிள் உண்டு என்றார். கூண்டு எத்தனை அடி என்று மட்டும் பார்க்காதே, அதற்குள் மிருகம் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று பார் என்றார். இன்றைக்கு மிருகக்காட்சி சாலைக்காரர்கள் 'என்ரிச்மென்ட்' என்று மந்திரம் மாதிரி சொல்வதன் வேர்களில் ஒன்று அதுதான். குரங்குக்கும் கரடிக்கும் முதலில் கிடைத்த இந்த மரியாதை மீனுக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 2004-ல் இத்தாலியின் மோன்ஸா நகரம், வட்டமான கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்க்கத் தடை போட்டது. வளைந்த கண்ணாடி வழியாக மீனுக்கு உலகம் கோணலாகத் தெரியும் என்று காரணம் சொன்னார்கள். பேப்பரில் படித்துவிட்டு நாம் சிரித்தோம்.

பேத்தையை இரண்டு நாள் கவனித்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அதன் இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று உங்களைப் பார்க்கும்போது இன்னொன்று நத்தையைப் பார்க்கும். தீனி போடுபவரை அடையாளம் கண்டு கண்ணாடியோரம் வந்து நிற்கும் என்கிறார்கள் வளர்ப்பவர்கள். செய்வதற்கு ஒன்றுமில்லாத வெறும் தொட்டியில் விட்டாலோ, கண்ணாடியை ஒட்டியே மேலும் கீழுமாக மணிக்கணக்கில் அலையும். கூண்டுப் புலி நடக்குமே, அதே நடை.

அதனால்தான் இந்தப் பெண் தொட்டியைக் காடாக்கி வைத்திருக்கிறாள். ஒரு மூலையிலிருந்து பார்த்தால் மறு மூலை தெரியக் கூடாதாம். பேத்தைகள் ஒன்றையொன்று துரத்தும், துரத்தப்படுவது சட்டென்று மறைய ஒரு திருப்பம் வேண்டும். நடுவில் ஒரு வேர்க்கட்டை. அடியில் நாட்டு வாதுமை இலைச் சருகுகள். வெளிநாட்டில் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், இவளோ அடையாறில் நடைபாதையில் பொறுக்கிக்கொண்டு வந்தாள்! தண்ணீர்தான் பெரும்பாடு. கடலோர ஏரியா என்பதால் போர் தண்ணீரில் உப்பு. மெட்ரோ வாட்டரில் குளோரின், அதை முறித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மே மாத வெயிலில் தொட்டி சூடேறாமல் ஒரு சின்ன ஃபேன். வேறு மீன் எதுவும் கூடாது, வாலைக் கடித்துக் குதறிவிடும். குருணைத் தீனியைப் பெரும்பாலும் சீந்தாது. புழு வேண்டும். அப்புறம்... நத்தை.

ஆம், வாரிங்டனின் அதே நத்தை! பேத்தைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல் தகடுகள், கிளி மூக்கு மாதிரி. 'டெட்ரோடான்' என்றாலே நாலு பல்லன் என்றுதான் அர்த்தம். அந்தப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிக்க ஓடு கிடைக்காவிட்டால் வாயைத் திறக்க முடியாத அளவுக்கு நீளக்கூடும். அன்று தொட்டியைக் காப்பாற்றிய நத்தை இன்று மீனின் பல்லைக் காப்பாற்றுகிறது. தவிர, நத்தையைத் தேடிப் போவது, பதுங்கிப் பார்ப்பது, டக்கென்று கவ்வுவது... அதற்கு ஒரு நாள் பொழுதே அதுதான். (நத்தை தரப்பு நியாயம் தனி. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.)

'எல்லாம் சரிம்மா, மீன் எங்கேர்ந்து வருது?' என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. 'அதான் அங்கிள் யோசனையா இருக்கு' என்றாள்.

பட்டாணிப் பேத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் நதிகளைச் சேர்ந்தது. கேரளாவையும் தெற்குக் கர்நாடகாவையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1941-ல் சுந்தர் லால் ஹோராவும் கே.கே.நாயரும் பம்பை நதியில் கிடைத்த மீன்களை வைத்து, திருவிதாங்கூர் பெயரையே சூட்டி விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகம் செய்தார்கள். பிற்பாடு வெளிநாட்டு மீன் பிரியர்கள் கண்ணில் பட்டது. அங்கே அது செல்லப்பிள்ளை. இங்கே பிறந்த ஆற்றில், 'அழிய வாய்ப்புள்ளது' என்று சர்வதேசப் பட்டியலில் ஏறியிருக்கிறது. மணல் அள்ளுவதும் தண்ணீர் கெடுவதும் ஒரு பக்கம் என்றால், தொட்டிக்காக வலை போட்டு அள்ளுவது இன்னொரு பக்கம். எட்மண்ட் காஸ் புலம்பியது ஞாபகம் வருகிறதா?

2017-ல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று கடுமையான விதிகள் கொண்டு வந்தது. 158 வகை மீன்களை விற்கக் கூடாது என்று பட்டியலும் போட்டது. கொளத்தூர் வியாபாரிகள் கொதித்துப் போனார்கள். அலங்கார மீனை நம்பி அங்கே தெருத்தெருவாகக் குடும்பங்கள் இருக்கின்றனவே! பிறகு அந்த விதிகள் வாபஸ் ஆயின. பட்டினியையும் பட்டியலையும் எதிரெதிரே நிறுத்தினால் யார் ஜெயிப்பார்கள்?

இந்த மீனுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பட்டாணிப் பேத்தை வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். அடர்த்தியான பாசியில் முட்டையிடும், சில நாட்களில் பொரிந்துவிடும். குஞ்சுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள தீனி போட்டு ஆளாக்குவதுதான் மெனக்கெடல். ஆற்றிலிருந்து அள்ளுவது மலிவு, பொறுமையாக வளர்ப்பது செலவு. அதனால் கடையில் கேட்டால் 'ப்ரீட் பண்ணதுதான் மேடம்' என்று சொல்லிவிடுவார்களே தவிர, எப்படி நம்புவது?

அவள் நம்பவில்லை. மீன் வளர்ப்பவர்கள் யார் யாரையோ விசாரித்து, வீட்டிலேயே குஞ்சு பொரித்தவர் ஒருவரைப் பிடித்து, மூன்று மாதம் காத்திருந்து ஆறு குஞ்சுகள் வாங்கினாள். 'ஆறு வாரம்'னு சொன்ன தொட்டி நாலரை மாதம் காலியாக இருந்தது. நண்பர் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். தொட்டியில் செடிகள் இன்னும் மண்டியிருந்தன. நத்தைகள் மட்டும் குறைந்திருந்தன. ஐந்து நிமிஷம் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைப் போட்டு, கழற்றிப் பார்த்தேன்.

'என்னம்மா, மீன் எங்கே?'

'உள்ளேதான் இருக்கு அங்கிள். வரணும்னு தோணினா வரும்' என்றாள்.